குதிரைக்குப் பெயர் உண்டு

பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று ஏலக் கூடத்துக்கு வருகிறது. பந்தயக் குதிரையைத் தீட்டிய படம். உடனே கேள்விகள் எழுகின்றன. எவருடைய தூரிகை? எந்தக் குதிரை? எந்தப் பிரபுவின் மாளிகைச் சுவரை அணி செய்தது? அவரிடமிருந்து எவர் கைக்கு மாறிற்று? விடைகள் தெளிவாகக் கிடைத்தால் விலை ஏறுகிறது. குதிரையின் பெயர் மறைந்து போயிருந்தாலோ, அதே பச்சைப் புல்வெளிதான், அதே பளபளக்கும் உடல்தான், எனினும் விலை இறங்குகிறது. ஆனால், அந்தக் குதிரையின் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறானே ஒரு பையன், அவன் யார் என்று கேட்பவர் அரிது. அவன் பெயர் தெரிந்தால் விலை ஏறப்போவதுமில்லை, தெரியாவிட்டால் குறையப்போவதுமில்லை!

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். கலை வேறு, நீதி வேறு. படத்தைப் பார்த்து மகிழ வேண்டியதுதானே, பையனின் பிறப்புச் சான்றைத் தேடுவானேன் என்று நகைக்கலாம். நகைப்பதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். கலைப் பொருளை விலை கொடுத்து வாங்குகிறவர் எதற்கு உடையவர் ஆகிறார்? துணிக்கும் வண்ணத்துக்குமா? அழகுக்கா? அல்லது அந்தப் படம் பேசும் உண்மைக்கும் சேர்த்தா?

எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற படம் ஒன்று உண்டு. இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1765இல், போலிங்புரோக் பிரபுவுக்காகத் தீட்டியது. நியூமார்க்கெட் பந்தயத் திடலில் கிம்கிராக் என்ற சாம்பல் நிறக் குதிரை. ஒரே துணியில் இரண்டு காலங்களைக் காட்டியிருக்கிறார் ஸ்டப்ஸ். தொலைவிலே, சிறிய உருவமாக, கிம்கிராக் மற்றக் குதிரைகளை முந்திக்கொண்டு வெற்றி எல்லையை நெருங்குகிறது. அருகிலே, பெரிய உருவமாக, ஓட்டம் முடிந்து நிற்கிறது. பழக்குபவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, இலாயப் பையன் மண்டியிட்டு உடலைத் தேய்த்து விடுகிறான். சவாரி செய்த ஜாக்கி பக்கத்தில் நிற்கிறார். ஆரவாரம் செய்யும் கூட்டம் எங்கே? இல்லை. பந்தயம் கட்டிய பிரபுக்கள் எங்கே? அவர்களும் இல்லை. படத்துக்கு வழங்கும் பெயரோ, கிம்கிராக்கின் பெயரைச் சொல்லிவிட்டு, 'ஒரு பழக்குபவர், ஓர் இலாயப் பையன், ஒரு ஜாக்கி' என்று மற்றவர்களைத் தொழிலால் மட்டுமே குறிக்கிறது. நாலு கால் உயிருக்குப் பெயர். இரண்டு கால் உயிர்களுக்கு வேலை! இந்தப் படம் 2011இல் இலண்டன் ஏலத்தில் 2 கோடியே 24 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

இதைத் தீட்டிய கை எத்தகைய கை? ஸ்டப்ஸ் 1724இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. மாளிகையில் பிறக்கவில்லை; மன்னர் மடியில் தவழவில்லை. குதிரையைத் தீட்ட வேண்டுமானால் குதிரையை அறிய வேண்டும் என்று துணிந்தார். லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில், பண்ணை வீடொன்றில், ஏறத்தாழப் பதினெட்டுத் திங்கள் செத்த குதிரைகளை அறுத்து, தோலை நீக்கி, தசையை நீக்கி, எலும்பு வரை சென்று, ஒவ்வோர் அடுக்காக வரைந்தார். நாற்றத்துக்கும் நோய்க்கும் அஞ்சவில்லை. அந்த உழைப்பு 1766இல் குதிரையின் உடற்கூற்று நூலாக வெளிவந்தது. செதுக்குவோர் கிடைக்காதபோது தகடுகளையும் தாமே செதுக்கினார். இத்தனைக்குப் பிறகும் கலை உலகம் அவரைக் 'குதிரை ஓவியர்' என்று கீழ்ப்படியிலேயே வைத்திருந்தது. புராணக் கதை தீட்டியவர்களுக்கு மேற்படி. கண்ணால் கண்டதைத் தீட்டியவருக்குக் கீழ்ப்படி!

ஓவியரின் குலத்தைப் பார்த்த அதே உலகம் குதிரையின் குலத்தையும் பார்த்தது. 1791இல் பந்தயக் குதிரைகளுக்கென்று வமிசாவளி ஏடே அச்சிட்டார்கள். இன்று ஓடும் உயர்வகைப் பந்தயக் குதிரைகளெல்லாம் ஆண் வழியில் மூன்று முன்னோர்களிடம் சென்று முடிகின்றன. அந்த மூன்றுமே கீழ்த்திசையிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பிரபு, தன் குலப் பெருமைக்கு அடையாளமாக வளர்த்த குதிரையின் மூதாதை அயல்மண்ணைச் சேர்ந்தது என்பதை எண்ணி நாணவில்லை. அந்த வரலாற்றையே பெருமையாக எழுதி வைத்தான். மனிதனிடத்தில் மட்டும் அந்தப் பெருந்தன்மை வரவில்லை. குதிரைக்குப் பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் ஏட்டில் ஏறிற்று. அதைத் தேய்த்துவிட்டவன், 'பையன்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டான்.

ஏலக் கூடத்திலே கேட்கப்படும் 'யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது' என்ற கேள்வியும் வமிசாவளிக் கேள்விதான் அல்லவா? குதிரைக்குக் குலம் பார்த்த கண், குதிரையின் படத்துக்கும் குலம் பார்க்கிறது. போலியை விலக்க அந்த ஆராய்ச்சி தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கள்ளப் படத்தைக் கண்டுபிடிக்கப் பிறந்த சான்று, நல்ல படத்துக்குப் பட்டம் சூட்டும் கருவியாகவும் மாறிவிட்டது. பிரபு வீட்டுச் சுவரில் தொங்கியதால் படத்தில் ஒரு கோடு கூடுதலாக அழகு பெற்றுவிடுமா? குடிசையில் கிடந்ததால் வண்ணம் வெளுத்துவிடுமா?

மற்றொரு படத்தையும் காண்போம். 1799இல் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரு குதிரைகளுக்கிடையே போட்டி. பந்தயத் தொகை மூவாயிரம் கினி. நான்கு மைலுக்கு மேல் ஓட்டம். சாட்டையும் குதிமுள்ளும் கிழிக்கக் கிழிக்க ஓடி, மயிரிழையில் வென்றது ஹாம்பிள்டோனியன். அதன் உரிமையாளர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்ட், வெற்றியைப் படமாக்கும்படி எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸிடம் சொன்னார். முதியவர் எதைத் தீட்டினார்? வெற்றி முழக்கத்தையா? இல்லை. ஓடிக் களைத்து, தளர்ந்து நிற்கும் குதிரையைத் தீட்டினார், ஏறக்குறைய உயிரளவில். ஒரு பக்கம் கடிவாளம் பிடித்தவர். மறுபக்கம், குதிரையின் முதுகின்மேல் கை போட்டபடி இலாயப் பையன். இருவரும் நம்மையே உற்றுப் பார்க்கிறார்கள். 'இதுதானா உங்கள் வெற்றி?' என்று கேட்பதுபோல் இருக்கிறது அந்தப் பார்வை. பந்தயத்துக்கு மூவாயிரம் கினி வைத்தவர், படத்துக்குக் கூலி தர மறுத்தார். ஓவியர் வழக்கு மன்றம் ஏறித்தான் தம் கூலியைப் பெற வேண்டியிருந்தது!

இங்கேதான் நம் வினாவுக்கு விடை முளைக்கிறது. படத்தைப் பணித்தவர் கேட்டது பெருமை. படம் தந்ததோ உழைப்பின் சாட்சி. வென்றவன் தன் வெற்றியைச் சுவரில் மாட்டினான். மாட்டப்பட்டதோ ஓர் உயிரின் களைப்பும் ஒரு பையனின் பரிவும். பணம், துணிக்கு உடைமை தேடித் தரும். உண்மைக்கு உடைமை தேடித் தராது. உண்மை, காண்கிறவனுக்கு உரியது.

'பிரபுக்கள் பணம் தந்திராவிட்டால் இந்தப் படங்களே பிறந்திரா. ஆகவே பழிக்காதீர்' என்பர் சிலர். உண்மைதான், பணம் வந்தது. அந்தப் பணம் குத்தகை தந்த உழவனின் வியர்வையிலிருந்து வந்ததை அவர்கள் சொல்வதில்லை. நன்றி கூறுவதென்றால் வரிசையாகக் கூறுவோம்: நிலத்தை உழுதவனுக்கு, குதிரையைத் தேய்த்தவனுக்கு, எலும்பை அறுத்து அறிந்தவருக்கு, கடைசியில், பணப்பையை அவிழ்த்தவருக்கும்.

'அழகு இருக்கும்போது உண்மை எதற்கு' என்பார்க்கும் குதிரையே விடை கூறுகிறது. பாயும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டிருப்பதாகவே ஓவியர்கள் நெடுங்காலம் தீட்டினர். எலும்பெல்லாம் அறிந்த ஸ்டப்ஸ்கூட, ஓடும் குதிரையைத் தீட்டுகையில் வழிவழி வந்த அந்த முறையையே கையாண்டார். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் பந்தயப் படத்தில், குதிரைகள் கால்களை விரித்துக் காற்றில் மிதக்கின்றன. 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார், ஓடும் குதிரையை அடுக்கடுக்காகப் புகைப்படம் எடுத்தார். நான்கு குளம்பும் தரையைவிட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது கால்கள் விரிந்திருப்பதில்லை, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கின்றன என்று கண்ணுக்குமுன் நிறுவினார். பல்லாயிரம் கண்கள் பார்த்தும் காணாததை ஆராய்ச்சி கண்டது! பழக்கம் கண்ணையே ஏய்க்கும் என்றால், கருத்தை ஏய்ப்பதா அரிது? குதிரையின் கால் எங்கே இருக்கிறது என்பதிலே தவறியவர்கள், பையனின் இடம் எங்கே என்பதிலும் தவறினார்கள். முதல் தவற்றைத் திருத்தக் கருவி வேண்டியிருந்தது. இரண்டாவதைத் திருத்த மனம் போதும்.

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்ததுண்டு. தமிழகச் சட்டமன்றம் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் குருட்டு வாய்ப்பன்று, பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு தீர்ப்பாக இருக்கட்டும். நாம் ஒன்று கேட்போம்: திறமை என்றால் யாருடைய திறமை? ஓடியது குதிரை, செலுத்தியவர் ஜாக்கி, விடியுமுன் எழுந்து பேணியவன் இலாயத் தொழிலாளி. மூவர் திறமையின்மேல் நாலாமவர் சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டுகிறார். வென்றால் தன் அறிவு என்கிறார். தோற்றால் குதிரையைப் பழிக்கிறார்.

ஆகவே இந்தப் படங்களை எரிக்கச் சொல்கிறோமா? அல்ல, அல்ல. போற்றச் சொல்கிறோம், பூட்டி வைக்காதீர் என்கிறோம். ஸ்டப்ஸ் தீட்டிய விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் பேருருவப் படம், தலைமுறை தலைமுறையாகச் செல்வர் மனையில் இருந்தது. 1997இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் அதை ஒரு கோடியே பத்து இலட்சம் பவுனுக்கு வாங்கியது. இன்று கட்டணமின்றி எவரும் உள்ளே நுழைந்து அதன்முன் நிற்கலாம். இலாயக்காரனின் பேரனும் நிற்கலாம். பிரபுவின் பேரனும் நிற்கலாம். விலை அதேதான்; வாங்கியவர் மாறியதால் பயன் மாறிவிட்டது. சேர்ப்பது குற்றமன்று. சேர்த்ததைத் தனக்கென்று மறைப்பதும், மறைத்ததைக் காட்டிப் பெருமை கொள்வதுமே குற்றம்.

படத்தைக் காணும் வாய்ப்புக் கிடைப்போர் முதலில் குதிரையைப் பார்க்கட்டும். பார்க்கத் தகுந்த அழகுதான் அது. பிறகு கண்ணைச் சற்றே தாழ்த்தட்டும். அங்கே வைக்கோலும் துணியும் ஏந்திய இரு கைகள் இருக்கும். அந்தக் கைகளுக்குரியவனின் பெயரை ஏடு தராமல் போகலாம். 'இவன் யார்?' என்று கேட்கும் உரிமையை எந்த ஏலக்காரனும் விற்றுவிட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்பவன், கோடிப் பவுன் கொடுத்தவனைவிடப் படத்தை அதிகமாகப் பெற்றவன் ஆவான்.