ஒரு முனை கிளம்பிய டேப்

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் மூன்று சக்கர மின்ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். மூட்டு தேய்ந்து, நாலு எட்டு வைத்தாலே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வந்ததும் மகள் வாங்கிக் கொடுத்தது. கைப்பிடிக்கு நடுவே ஒரு வேகக் குமிழ். அதன் ஒரு ஓரத்தில் ஆமைப் படம், மறு ஓரத்தில் முயல். குமிழ் ஆமைப் பக்கமே நிற்கும்படி மகள் அதன்மேல் பழுப்பு நிற டேப் ஒட்டியிருக்கிறாள். சென்ற மாதம் மின்தூக்கியில் அவரோடு இறங்கும்போது பார்த்தேன். டேப்பின் ஒரு முனை கிளம்பியிருந்தது. பசை விட்டுத் தானாகக் கிளம்பியதல்ல. நகத்தால் நெம்பிய தடம் தெரிந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தி ஒட்டிவிட்டு, “மழை வரும்போல இருக்கே, தம்பி” என்றார்.

அந்த வாரமே காப்பிக்கடை வரிசையில் மகள் கேட்டாள்: “அண்ணே, அப்பா மெதுவாத்தானே போறாரு?” நான் வாய் திறப்பதற்குள் அவளுடைய முறை வந்துவிட்டது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த முனை மனதை விட்டுப் போக மறுக்கிறது.

டேப் வந்த காரணம் எனக்குத் தெரியும். உணவங்காடியில் அவர் வண்டியை அணைக்காமல் இறங்கியிருக்கிறார். இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக்கை மிதிக்கும் வேலை கிடையாது. லீவரை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஓட்டுபவருக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தாலும் நின்றுவிடும் என்பதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவியைத் திருப்பாமல் இறங்கினால் சட்டைக் கையோ பையின் வாரோ லீவரில் மாட்டி அழுத்திவிடலாம். அன்று மாட்டியது சட்டைக் கை. வண்டி முன்னால் பாய்ந்து ஒரு நாற்காலியைக் கவிழ்த்தது. யாருக்கும் அடியில்லை. மறுநாள் டேப் வந்துவிட்டது. விபத்தின்போது குமிழ் ஆமையில் இருந்ததா முயலில் இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை.

அதற்குப் பிறகு நான் இந்த வண்டிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆபத்துகளில் பல வேகத்தோடு மட்டும் சேர்ந்தவையல்ல. நடைபாதை விளிம்பில் கோணலாக ஏறினாலோ இறங்கினாலோ மூன்று சக்கர வண்டி சாய்ந்துவிடும்; நேராகத்தான் ஏறி இறங்க வேண்டும். சரிவின் நடுவில் வண்டியைத் திருப்பக் கூடாது. பின்சக்கரத்தருகே, வண்டியைக் கையால் தள்ளுவதற்காக ஒரு பிடி இருக்கும். அதை விடுவித்தால் தானியங்கி பிரேக்கும் விடுபட்டுவிடும். சரிவில் வண்டி தன் போக்கில் உருளும். சாவி, விளிம்பு, சரிவு, பிடி எதையும் டேப் தடுக்காது. அது முயலை மட்டுமே தடுக்கிறது. (பந்தயத்தில் ஆமை ஜெயித்த கதையை இந்தப் படங்களைப் போட்டவர்கள் அறியாமலா இருந்திருப்பார்கள்?)

இந்த வகை வண்டியை 1968இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்பவர் உருவாக்கினார். நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன தன் மனைவிக்காகச் செய்தது அது. அப்படியானால் இது முதலில் வெளியே போவதற்கான வண்டி. பாதுகாப்பெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது. இங்கே சிங்கப்பூரில் அது சட்டமாகவே வந்தது. 2019 நவம்பரில் நடைபாதைகளில் சாதாரண மின்ஸ்கூட்டர்கள் தடை செய்யப்பட்டன. பின்னர் நன்றாக நடக்கக்கூடியவர்களும் முடியாதவர்களுக்கான வண்டியில் ஏறிப் பறப்பதாகப் புகார்கள் கிளம்பின. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நடக்க முடியாதவர்களுக்கான வண்டிகளின் வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைக்கும் முடிவும் அதோடு வந்தது. ஆறு என்பது விறுவிறுவென்று நடப்பவரின் வேகம். யாரோ இளைஞர்கள் செய்ததற்குப் பெரியவரின் முயலும் சேர்ந்து மெலிந்தது என்று எனக்குத் தோன்றியதுண்டு. சட்டத்தில் தவறு காண முடியாது என்றும் தோன்றியதுண்டு.

டேப்பை நினைத்தால் எனக்கு ஆயா நினைவும் வருகிறது. சின்ன வயதில் நாங்கள் சிராங்கூன் ரோடு பக்கம் குடியிருந்தோம். ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குத் தனியாகத்தான் போவாள். கையைப் பிடித்தால் உதறிவிடுவாள். அம்மா என்னைக் கூப்பிட்டு, “பின்னாடியே போ. ஆனா கூட வர்றது தெரியக் கூடாது” என்பாள். லாரி வந்தால் மட்டும் ஓடிப் போய்ப் புடவையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது உத்தரவு. அப்படி இழுக்கும் வேளை வரவேயில்லை. ஆயா சாலை ஓரத்தில் நின்று காதால் பார்ப்பாள். சத்தம் ஓய்ந்ததும் கடப்பாள். கோயில் வாசலுக்கு வந்ததும் திரும்பிப் பார்க்காமலே, “செருப்பைப் பாத்துக்கடா” என்று உள்ளே போவாள்.

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் நடந்தாள். அம்மாவும் அவளுக்குத் தெரியும் என்பதை அறிந்தே என்னை அனுப்பியிருக்கலாம். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் மானம் போகவில்லை.

இதை நினைக்கும்போது, ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று வந்து குறுக்கே நிற்கிறது. எப்போதோ படித்தது, பாதி மறந்துவிட்டது. மனவளர்ச்சி குன்றியவர்களைப் பற்றியது. ஆபத்தை எதிர்கொள்வதிலும் ஒரு கௌரவம் இருக்கிறது, அளவுக்கு மீறிப் பாதுகாத்தால் அதைப் பறித்துவிடுகிறோம் என்பது சாரம். படித்தபோது உடனே ஒப்புக்கொண்டேன். புளோக்கில் ஒரு டேப்பைப் பார்த்தவுடன் அந்த ஒப்புதல் ஆட்டம் காண்கிறது.

ஏனென்றால் மகளுக்கு வேறு வழியும் இருந்தது. பல வண்டிகளில் உச்ச வேகத்தை விற்பனைக் கடைக்காரரே ஒரு கருவியை இணைத்துக் குறைத்துவிடலாம். முயல் பக்கம் திருப்பினாலும் வண்டி ஆமையாகவே போகும். அவருக்குத் தெரியாமலே முடித்திருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. நகம் பட்டால் வந்துவிடும் டேப்பைத்தான் ஒட்டினாள். அவளுக்கு அந்த வழி தெரியாமலும் இருந்திருக்கலாம், நான்தான் அதில் இல்லாததைப் பார்க்கிறேனோ என்னவோ. ஆனால் எனக்கு அந்த டேப் பூட்டாகத் தெரியவில்லை. “அப்பா, வேணாமே” என்று கெஞ்சுவதாகத்தான் தெரிகிறது. அவரும் அதைக் கிழித்து எறியவில்லை. ஒரு முனையை மட்டும் கிளப்பி, வேலை முடிந்ததும் அழுத்தி ஒட்டுகிறார். அம்மாவும் ஆயாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இது தூரத்து உறவாகத்தான் இருக்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் ஆயா நடந்துபோனாள்; அவள் யார் மேல் மோதினாலும் மோதப்பட்டவர் சிரித்திருப்பார். பெரியவர் உட்கார்ந்திருக்கும் வண்டியோ ஆளோடு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். பெர்ஸ்கியின் வாதத்தில் என் மனதில் தங்கியது, ஆபத்தை ஏற்பவனே அதன் விலையையும் கொடுக்கிறான் என்பது. இங்கே விலையை வேறொருவர் கொடுக்க நேரலாம்.

காலை ஆறு மணிக்கு எங்கள் கூரையிட்ட நடைபாதை காலியாகக் கிடக்கும். அப்போது அவர் முயல் பக்கம் திருப்பி, முகத்தில் காற்றுப் படச் சந்தைக்குப் போனால் போகட்டுமே என்றுதான் தோன்றுகிறது. பள்ளி விடும் நேரத்தில், தூண் மறைவிலிருந்து பிள்ளைகள் திடீர் திடீரென்று ஓடிவரும் அதே பாதையில், ஒரு டேப் எப்படிப் போதும் என்று கோபம்கூட வருகிறது. இரண்டுமே நான் நினைப்பதுதான். மணியைப் பார்த்து மாறுவதைக் கருத்து என்று சொல்லிக்கொள்ளலாமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது.