பசிக்கும் குற்றப்பதிவு உண்டா?

போன மாதம் கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். வரிசையில் ஒருவர் தட்டோடு வந்தார். பக்கத்தில் நின்ற தம்பி என் காதோரம் சொன்னான்: "அண்ணே, இவரு டிரக் கேசுல உள்ள போய்ட்டு வந்தவரு. இவருக்கெல்லாம் எதுக்குண்ணே சாப்பாடு?" என் கரண்டி ஒரு நொடி நின்றுவிட்டது. பிறகு ஊற்றினேன். ஆனால் அந்த ஒரு நொடி இன்னும் உறுத்துகிறது.

தம்பி கேட்டதை ஒரு நாடே சட்டமாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சமூகநலச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. போதைப்பொருள் தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு அரசின் உணவு உதவி ஆயுள் முழுவதும் கிடையாது. விற்றவருக்கும் தடை, வெறுமனே வைத்திருந்தவருக்கும் தடை. கொலைக்கும் கொள்ளைக்கும் அந்தப் பிரிவு இப்படி ஒரு தடை வைக்கவில்லை. மாநிலங்கள் விரும்பினால் தனிச் சட்டம் இயற்றி விலகிக்கொள்ளலாம். பெரும்பாலான மாநிலங்கள் தடையை நீக்கிவிட்டன அல்லது தளர்த்திவிட்டன. தென் கரோலினா மாநிலமோ நெடுங்காலம் முழுத்தடையை விடவில்லை.

தடையை ஆதரிப்பவர்களை உடனே கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட வேண்டாம். அது மக்களின் வரிப்பணம். அந்த உதவியை விற்று மறுபடியும் போதைப்பொருள் வாங்கினால் என்ன செய்வது? போதையால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நம் தாமான்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் பொய்யில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உணவு உதவியை விற்பது தனிக் குற்றம், விற்றவரைத் தண்டிக்கலாம். விற்காதவரை ஏன் முன்கூட்டியே பட்டினி போட வேண்டும்? சிறைக்கே பயப்படாதவன் மளிகைச் சாமான் கிடைக்காது என்பதற்கா பயப்படப் போகிறான்? இன்னொன்று: தடை உள்ள இடத்தில், குடும்பத்துக்கான உதவியைக் கணக்கிடும்போது அவர் தலையை எண்ணமாட்டார்கள், அவர் வருமானத்தை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியென்றால் ஒரு தப்பும் செய்யாத பிள்ளைகளின் தட்டிலும் சோறு குறைகிறது.

நம்மில் சிலர், "அது அவன் கர்மா, அனுபவிக்கட்டும்" என்று சொல்வோம். கர்மா என்பது நம் செயலை நாம் எண்ணிப் பார்ப்பதற்கான போதனை. அடுத்தவன் தட்டைப் பறிக்க நமக்குக் கொடுத்த அதிகாரம் இல்லை. அவன் வினைப்பயன் அவனுக்கு வரும்போது வரட்டும். பசித்தவனைப் பார்த்தும் கையை மடக்கிக்கொண்டால், அந்த வினை நம் கணக்கில்தானே ஏறும்?

வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசியோடு வருபவரின் நாடு, சமயம், சாதியை மட்டுமல்ல, அவருடைய செய்கையைக்கூட விசாரிக்காமல் சோறிட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. செய்கை என்ற அந்த ஒன்றைத்தான் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

சோறு போடுவதால் குற்றத்தை மன்னித்ததாக ஆகிவிடாது. தண்டனை எத்தனை ஆண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் அதை முடித்துவிட்டும் வந்துவிட்டார். வெளியே வந்தவருக்கு வேலை கிடைப்பதே கஷ்டம். சாப்பாடும் இல்லையென்றால், சாப்பாடு வாங்கிக் கொடுக்கிற பழைய கூட்டாளிதான் முதலில் வந்து நிற்பான். அவனிடம் இவரைத் தள்ளிவிடுவது யார்?

அன்று பாத்திரம் கழுவும்போது இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஆனா அவரு திருந்தலனா?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். திருந்தினால்தான் சோறு என்றால், திருந்தும் வரை அவர் எதைச் சாப்பிடுவார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாம்பார் வாளியை அவன் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.