எண்ணுதலின் அறம்

இளவேனிற் காலத்தில், வட அமெரிக்காவின் ஒன்ராறியோ ஏரியின் தென்கரையிலே சிலர் காலை தொடங்கி மாலைவரை வானை நோக்கி நிற்பர். தெற்கிலிருந்து திரும்பும் பருந்துகளையும் வல்லூறுகளையும் பிற பறவைகளையும் இனம் பிரித்து எண்ணுவதே அவர்தம் பணி. மேலெழும் வெப்பக்காற்றிலே மிதந்து செல்லும் பருந்தினம், குளிர்ந்த நீர்ப்பரப்பைத் தவிர்த்துக் கரையோரமாகவே செல்லும். ஆதலின் அங்கு எண்ணுதல் எளிது.

பசித்தோர் நிறைந்த உலகிலே பறவைகளை எண்ணுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு அன்றோ என நம்முள் ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. விடையை வரலாற்றிலே தேடுவோம்.

1929இல் பென்சில்வேனியா மாநிலம், வேட்டைக்குரிய பறவைகளைத் தின்கிறதென்று கோஸ்ஹோக் என்னும் பெருவல்லூறு ஒவ்வொன்றின் தலைக்கும் 5 டொலர் விலை வைத்தது. இலையுதிர் காலத்திலே பருந்துகள் திரளாகக் கடக்கும் மலையொன்றில், துப்பாக்கி ஏந்தியோர் இனவேறுபாடு பாராது சுட்டுக் குவித்தனர். 1934இல் றோசலி எட்ஜ் என்னும் பெண்மணி அம்மலையைக் குத்தகைக்கு எடுத்தார். காவலராக அமர்ந்த மோரிஸ் புறூன், உயிருடன் கடந்து செல்லும் பறவைகளை அவ்வாண்டே எண்ணத் தொடங்கினார். மலை அதுவே, பறவைகளும் அவையே, எண்ணுவதன் நோக்கம் மாறிற்று.

டீ.டீ.ரீ. வயல்களுக்கு வருமுன்னரே தொடங்கிய கணக்கு அது. 1935 முதல் 1939 வரை அங்கு காணப்பட்ட வெண்டலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20 மட்டுமே. 1957இல் முதிர்ந்த கழுகுகள் 32க்கு ஓர் இளங்கழுகே தென்பட்டது. 1962இல் வெளிவந்த ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் றேச்சல் காசன் இவ்வெண்களைச் சான்றாக நிறுத்தினார். அந்நஞ்சினால் முட்டையோடு மெலிந்தமை பின்னர் நிறுவப்பட்டது. 1972இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டைத் தடைசெய்தது. அதே மருந்து இலங்கையிலே மலேரியாவைத் தணிக்க உதவியமையையும் நாம் மறத்தலாகாது. அவ்வுண்மையை நிலைநாட்டியதும் நோயுற்றோரை எண்ணிய கணக்கே.

ஆகவே, எண்ணுதல் எவர் பொருட்டு என்பதே கேள்வி. உயிரை விலையாக மாற்றுவதும் கணக்கு. அதன் இழப்புக்கு யார் பொறுப்பென வினவுவதும் கணக்கு. பறவை தென்படாத நாளிலே பூச்சியம் என்று நேர்மையுடன் குறிப்பவர், வருங்காலத்துக்குச் சாட்சியம் எழுதுகிறார். இலாபம் கருதுவோர் தீங்கில்லை என்று சாதிக்கும்போது அவர்களை மறுப்பதற்குச் சினம் மட்டும் போதாது. பல்லாண்டு பொறுமையுடன் திரட்டிய எண்களும் வேண்டும். பசித்தோர் பக்கம் நிற்கும் நாமும் இப்பொறுமையைக் கற்றல் வேண்டும். அவர்தம் வழக்கும் இத்தகைய கணக்கையே வேண்டி நிற்கிறது.