வாயில்லாச் சாட்சிகள்

மாட்டையும் குதிரையையும் வாயில்லாப் பிராணிகள் என்கிறோம். வாயா இல்லை? வாய் இருக்கிறது, வழக்காடத்தான் வழியில்லை. புல்லை மேய அந்த வாய் போதும். "புல்லிலே நஞ்சைத் தூவியவன் யார்?" என்று கேட்க அது போதாது. கேட்க இயலாத உயிருக்கு இழைக்கப்படும் தீங்கு, தீங்கு ஆகாதா? பலருக்கு நன்மை என்றால் சில உயிர்களைப் பலியிடலாமா? ஒரு நீதிமன்றமே விடை கூறவேண்டி வந்த கேள்வி இது, தோழர்களே!

அமெரிக்க நாட்டின் மான்டானா மாநிலத்திலே அனகோண்டா என்றோர் ஊர். 1902-ல் அங்கே மாபெரும் செம்பு உருக்காலை இயங்கத் தொடங்கிற்று. அருகிலுள்ள பியூட் நகரத்துச் சுரங்கங்களில் வெட்டிய கனிமம் அந்த உலையிலே உருகிற்று. செம்பு பிறந்தது, செல்வம் கொழித்தது. ஆனால் அந்தக் கனிமத்தில் செம்பு மட்டுமா இருந்தது? கன உலோகங்களோடு சேர்த்து எண்ணப்படும் ஆர்செனிக்கும் இருந்தது. உலைச் சூட்டிலே அது புகையோடு கிளம்பிற்று. குளிர்ந்து வெள்ளைப் பாஷாணமாயிற்று. டீர் லாட்ஜ் பள்ளத்தாக்கின் புல்லிலும் வைக்கோலிலும் படிந்தது.

மேய்ந்த மாடுகள் மெலிந்தன, மடிந்தன. ஆடுகள் சாய்ந்தன. குதிரைகளின் மூக்கினுள்ளே புண்கள் புறப்பட்டன. ஆலையார் உழவர்களுக்கு இழப்பீடு தந்தனர். 1903-ல் உயரமான புகைபோக்கியும் எழுப்பினர். புகை உயர்ந்ததே தவிர நஞ்சு ஒழிந்ததா? நாளொன்றுக்கு 25 டன்னுக்கும் மேற்பட்ட பாஷாணம் வெளியேறியதாக ஹார்க்கின்ஸ், ஸ்வைன் எனும் வேதியியல் அறிஞர்கள் கணக்கிட்டனர். மாண்ட விலங்குகளின் உறுப்புகளிலும் அந்நஞ்சைக் கண்டனர்.

1905-ல் உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். ஆலையின் பக்கம் நின்ற நிபுணர்களோ, சாவுக்கு வேறு காரணங்கள் கூறினர். 1909-ல் தீர்ப்பு வந்தது. ஆலையை நிறுத்த மறுத்தது நீதிமன்றம். நிறுத்தினால் அதை நம்பி வாழும் நகரங்கள் நலியும், தொழிலாளர் வாழ்வு தகரும்; அந்தப் பெருங்கேட்டின் முன் பண்ணைகளின் நட்டம் சிறிது என்பது வாதம்.

தொழிலாளியின் அடுப்பு அணையக்கூடாது என்ற கவலை நியாயமானதே. நாமும் அதை மறுப்போமில்லை. ஆனால் தராசைப் பாருங்கள்! ஒரு தட்டிலே ஆலை, மற்றத் தட்டிலே பண்ணை. புகையைத் தூய்மைப்படுத்த ஆகும் செலவு எந்தத் தட்டிலே வைக்கப்பட்டது? மூடுவதா, மூச்சடைத்துச் சாவதா என்ற இரண்டே வழிகள்தாமா உலகிலே? பிற்காலத்தில் அதே ஆலை அதே பாஷாணத்தைப் பிடித்து, பூச்சிமருந்துக்கும் மரத்தைக் காக்கும் மருந்துக்கும் விற்றது. விற்பனைக்கென்றால் பிடிக்க முடிந்த நஞ்சு, உயிரைக் காப்பதற்கென்றால் மட்டும் பிடிபடாதா?

இழப்பீடு தந்தோமே என்பர். யாருக்குத் தந்தனர்? குதிரைக்கு உரியவனுக்கு! குதிரை பட்ட வேதனைக்கு விலை ஏது? உடையவனின் நட்டத்தை ஈடுசெய்தது பணம். உயிரின் துன்பம் கணக்கிலேயே ஏறவில்லை. பலரின் நன்மைக்காகத் தன்னை ஈந்தால் அது தியாகம். இசைவு கேளாமல் இன்னொன்றின் உயிரை எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

1980-ல் உலை அணைந்தது. 1983-ல் அந்த நிலத்தை, நஞ்சகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலிலே சேர்த்தது அமெரிக்க அரசு. மக்கிப்போகும் குப்பையல்ல இந்நஞ்சு. தீ அணைந்தபின்னும் மண்ணிலே தங்கும், புல்லிலே ஏறும்.

ஆகவே இளைஞர்களே, ஆலையோரத்துக் கால்நடை காரணமின்றி மெலியும்போது, கண்ணேறு என்பார் பேச்சையும் விதி என்பார் பேச்சையும் ஒதுக்குங்கள். நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். புல்லைச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பசுவின் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை. பசுவின் பொருட்டு நாம் கேட்கும் கேள்வி, பசுவோடு நின்றுவிடும் கேள்வியன்று.