மழை அறத்தின் பலனா?

மாதம் மும்மாரி பெய்வது நல்லாட்சியின் பலன் என்பது தமிழ் மரபில் ஊறிய நம்பிக்கை. மன்னன் முறைதவறினால் வானம் பொய்க்கும் என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும் சொல்கிறது. இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி, மாஹே இரண்டும் 1954இல் இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தன. இன்றும் ஒரே சட்டமன்றம், ஒரே முதலமைச்சர். இரண்டும் கடலோர ஊர்கள்; புதுச்சேரி கிழக்குக் கரையில், மாஹே மேற்கே மலபார்க் கரையில். அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் புதுச்சேரியின் ஆண்டு மழை சுமார் 1,300 மி.மீ.; மாஹேயில் 3,000 மி.மீ.க்கும் மேல். ஆள்வோர் ஒருவரே என்னும்போது இந்த வேறுபாட்டுக்குச் செங்கோல் காரணமாக முடியாது. காரணம், நடுவே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை.

ஜூன் தொடங்கி அரபிக்கடலின் ஈரக்காற்று அம்மலையில் மோதி மேலேறுகிறது. ஏறும் காற்று விரிந்து, 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிர்கிறது. ஈரம் மேகமாகத் திரண்டு மேற்குச் சரிவிலும் மலபார்க் கரையிலும் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று சூடேறி வறள்கிறது. மாஹே நனைந்து கிடக்கும் ஜூலையில் புதுச்சேரிக்கு வெயிலும், எப்போதாவது மாலையில் ஓர் இடிமழையும்தான். அக்டோபரில் காற்று திசை மாறி வங்கக்கடலிலிருந்து வீசும். டிசம்பருக்குள் புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் பெய்துவிடும். இதற்கு மலை தேவையில்லை, காற்றழுத்தத் தாழ்வும் புயலும் போதும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் வெள்ளம் சூழ்ந்த வீடுகளிலிருந்து மக்களை ராணுவத்தினர் மீட்டார்கள். அம்மக்கள் செய்த வினைக்குக் கிடைத்தது அந்த வெள்ளம் என்று சொல்வது அறமல்ல, கொடுமை.

குறளிலேயே இன்னொரு பார்வையும் உண்டு. ஒப்புரவறிதல் அதிகாரம் மழையைக் கொண்டே தொடங்குகிறது. கைம்மாறு கருதாத கொடைக்கு அங்கே மழைதான் அளவுகோல். எதையும் எதிர்பாராமல் பெய்வதை நல்லொழுக்கத்துக்குரிய கூலியாக எண்ண முடியாது. மலையும் காற்றும் காட்டும் உண்மைக்கு இப்பார்வையே நெருக்கமானது.

அதற்காக முந்தைய நம்பிக்கையை முற்றும் தள்ளிவிடவும் இயலாது. செங்கோல் மழையை வரவழைக்காது. ஆனால் பெய்த மழை குடிகளுக்கு நிற்குமா, ஓடிவிடுமா என்பது செங்கோலைப் பொறுத்தது. தாசிகுலத்தில் பிறந்த ஆயி தன் மாளிகையை இடித்து அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது புதுச்சேரியின் செவிவழிக் கதை. முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவள் பெயரால் ஆயி மண்டபம் எழுந்தது. பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கும் அம்மண்டபம், அரசருக்கோ போர்வெற்றிக்கோ அல்லாமல் தண்ணீர் தந்தவளுக்கு எழுப்பப்பட்டது என்பதே அதன் பெருமை.

அதே அறம் ஏரிகளிலும் தொடர்கிறது. சங்கராபரணி நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுடு ஏரிக்கும், தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கோடைவரை வைத்திருக்க வேண்டியவை இவை. வாய்க்கால் தூர்ந்தால், எத்தனை மாரி பெய்தாலும் வெள்ளம் வயலைத் தொடாமல் கடலுக்குப் போய்விடும்.