துரோகி இல்லாத கதை

எங்கள் பங்கின் வாசகர் வட்டத்தில் ஓர் இளைஞர், தாம் எழுதத் தொடங்கியுள்ள வரலாற்றுப் புதினத்தின் சுருக்கத்தை அண்மையில் வாசித்தார். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் விடுதலை இயக்கத் தலைவரான ஒருவரின் வாழ்வைப் படித்ததால் எழுந்த கதை அது. பசிபிக் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாத் தீவுகளே களம். அம்மண்ணின் பூர்வ குடிகளான கனாக் மக்களில் நண்பர் இருவர் விடுதலைப் போராட்டத்தில் ஒன்றாக இறங்குகின்றனர். ஒருவன் ஆட்சியாளரோடு உடன்படிக்கைக்கு இசைகிறான். மற்றவன் அவனை வெறுத்து ஒதுக்குகிறான். வாசித்து முடித்தவர், "சாமி, இவ்விருவரில் துரோகி யார் என்று முடிவு செய்தால்தானே கதை நிற்கும்?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு உடனே விடையளிக்க என்னால் இயலவில்லை. ஏனெனில் அக்கதைக்குப் பின்னால் உண்மையான இரத்தம் இருக்கிறது.

1853-இல் பிரான்சு அத்தீவுகளைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. கனாக் மக்கள் தங்கள் நிலங்களிலிருந்து துரத்தப்பட்டனர். காலப்போக்கில் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாயினர். அவர்களுள் 1936-இல் பிறந்த ழான் மரி ஜிபாவு 1965-இல் குருவானார். பின்னர் குருத்துவப் பணியை விட்டு விலகி, தம் மக்களின் அரசியல் தலைவரானார். 1984 டிசம்பரில் குடியேறிகள் சிலர் பதுங்கியிருந்து சுட்டதில் கனாக்குகள் பத்துப்பேர் மாண்டனர். அவர்களுள் இருவர் ஜிபாவின் உடன்பிறந்தோர். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1987-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது.

1988 ஏப்ரலில் ஊவேயா தீவில் கனாக் போராளிகள் காவற்படை நிலையத்தைத் தாக்கினர். காவலர் நால்வர் உயிரிழந்தனர்; ஏனையோர் பணயக் கைதிகளாயினர். அவர்களை மீட்க மே 5 அன்று இராணுவம் ஒரு குகையைத் தாக்கியதில் கனாக்குகள் 19 பேரும் படைவீரர் இருவரும் இறந்தனர். ஏழே வாரங்களில், ஜூன் 26 அன்று, ஜிபாவு எதிரணித் தலைவர் ழாக் லஃப்லேருடன் கைகுலுக்கி மத்தினியோன் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். சுதந்திரம் குறித்த வாக்கெடுப்பு பத்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டது. 1989 மே 4 அன்று, அந்த 19 பேருக்கான நினைவுச் சடங்கிற்கு ஊவேயா சென்ற ஜிபாவையும் அவர் தோழர் யெய்வெனேயையும் ஜுபெல்லி வேயா சுட்டுக்கொன்றார். வேயாவும் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். அவரும் கனாக் விடுதலைக்காக உழைத்தவர்; புரட்டஸ்தாந்து சபையில் இறையியல் கற்றவர்.

இவர்களுள் துரோகி யார்? வேயா இறந்தோருக்குப் பட்ட கடனை எண்ணினார். ஜிபாவு இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்குப் பட்ட கடனை எண்ணினார். இரண்டும் மெய்யான கடன்களே. துயருற்றோரின் கண்ணீர் உலருமுன் கையொப்பமிடப்படும் சமாதானம், அவர்களுக்குப் புறக்கணிப்பாகவே தோன்றும். ஆயினும் தம் உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர் பழிவாங்கத் துணியாமல் பகைவனுக்குக் கை நீட்டியதைக் கோழைத்தனம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

"அப்படியானால் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒன்றா, சாமி?" என்று இளைஞர் இடைமறித்தார். இல்லை. கொலை கொலையே; எந்த நியாயமான சினமும் அதை நற்செயலாக்காது. ஆனால் செயலைத் தீர்ப்பிடுவது வேறு, செய்தவரின் முழு வாழ்வையும் ஒரே சொல்லில் அடக்குவது வேறு. 'துரோகி' என்பது அத்தகைய சொல். மேலும், அச்சொல் மற்றொரு தீங்கையும் செய்கிறது. நண்பர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசத் தொடங்கியதும், முதலில் நிலத்தைப் பறித்தவன் கதையிலிருந்து ஓசையின்றி வெளியேறிவிடுகிறான். அவனைக் காட்டாத புதினம் வரலாற்றுக்கு உண்மையாயிராது.

நம் ஆண்டவர் தெரிந்துகொண்ட பன்னிருவரில், அந்நிய ஆட்சியின் கீழ் வரி தண்டிய மத்தேயுவும் இருந்தார். தீவிரவாதி எனப்பட்ட சீமோனும் இருந்தார். இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்த முதல் நாள் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

ஊவேயாவில் அப்படியொரு நாள் வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2004-இல் ஜிபாவு, யெய்வெனே, வேயா ஆகிய மூன்று குடும்பங்களும் தங்கள் மரபுப்படி ஒப்புரவாயின. யார் செய்தது சரி என்ற வழக்கு அன்றும் தீர்ந்துவிடவில்லை. 2018, 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் வாக்கெடுப்புகளுக்குப் பின்னும் அத்தீவுகளின் அரசியல் பிணக்கு ஓயவில்லை. வழக்குத் தீரட்டும் என்று அம்மூன்று குடும்பங்களும் காத்திருந்தால் ஒருநாளும் சந்தித்திருக்கமாட்டார்கள்.

ஆகவே அவ்விளைஞரிடம் இவ்வளவே சொன்னேன்: "தம்பி, துரோகியைத் தேடாதீர். இரு நண்பர்களின் வீட்டிலும் போய் அமர்ந்து, அவரவர் தாய் அழுவதைக் கேட்டு எழுதும். வாசகர் யார் பக்கமும் எளிதில் சாயமுடியாமல் தவித்தால், கதை நின்றுவிட்டது என்று அறிந்துகொள்ளும்."

அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். நானோ, என் பங்கில் பல்லாண்டுகளாகப் பேச்சில்லாமல் இருக்கும் இரு குடும்பங்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.