பதிவேடு ஓர் அமானிதம்

மரணித்துவிட்ட ஒரு மனிதருக்கு நீதி வழங்க முடியுமா? முடியும் என்றால் அதைப் பெற்றுக்கொள்பவர் யார்? முடியாது என்றால், அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் ஓர் அரசாங்கம் பழைய கோவைகளைத் தூசி தட்டி எடுத்து, "இங்கே பிழை நடந்திருக்கிறது" என்று திருத்தி எழுதுவதன் அர்த்தந்தான் என்ன?

இந்தக் கேள்வியை வெறும் தத்துவமாக மட்டும் பேசினால் பிடி கிடைக்காது. ஒரு மனிதரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போம்.

எட்வர்ட் கார்ட்டர் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினச் சிப்பாய். 1916இல் லொஸ் ஏஞ்சல்சில் பிறந்தவர். கிறிஸ்தவ மதப் பணியாளர்களான பெற்றோருடன் இந்தியாவிலும் சீனாவிலும் வளர்ந்தவர். ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில் பிராங்கோவுக்கு எதிராக நின்றவர். இரண்டாம் உலக யுத்தத்தில் காலாட்படையில் சேர்ந்து போரிட முன்வந்த கறுப்பினத்தவர்கள் தம் பதவி நிலையைக் கைவிட வேண்டியிருந்தது. கறுப்பர் ஒருவர் வெள்ளையருக்குக் கட்டளையிடும் நிலை வந்துவிடக் கூடாது என்பதே காரணம். கார்ட்டரும் தன் சார்ஜன்ட் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகவே களத்துக்குப் போனார்.

1945 மார்ச் 23இல் ஜெர்மனியின் ஸ்பயர் நகருக்கு அருகே, எதிரிகள் பதுங்கியிருந்த கட்டடம் ஒன்றை நோக்கி மூன்று பேருடன் திறந்த வெளியைக் கடந்தார். கூட வந்தவர்கள் சுடப்பட்டு வீழ்ந்தனர். அவர் தனியே முன்னேறினார். உடலில் ஐந்து இடங்களில் காயம். தன்னைப் பிடிக்க வந்த எட்டுப் பேரில் ஆறு பேரைக் கொன்றார். எஞ்சிய இருவரைச் சிறைபிடித்து வந்தார். அவர்களிடமிருந்து பெற்ற தகவல் படையினருக்குப் பெரிதும் உதவியது. இதற்காக நாட்டின் இரண்டாவது உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது. முதலாவதான 'மெடல் ஒப் ஒனர்' கிடைக்கவில்லை.

அதன் பின்னர் நடந்ததுதான் கசப்பானது. 1949இல் அவர் மீண்டும் சேவையில் சேர விண்ணப்பித்தபோது இராணுவம் மறுத்துவிட்டது. காரணம் சொல்லப்படவில்லை. ஸ்பெயினில் போரிட்டவர் என்பதால் அவர்மீது கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் இருந்தது. உளவுப் பிரிவு அவருக்கென்று ஒரு கோவையைத் திறந்து வைத்திருந்தது. குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை; சாட்டப்படாத குற்றத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? கடிதம் மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். 1963இல், தன் பெயரில் விழுந்த கறை என்னவென்று முழுதாக அறியாமலே மரணித்தார்.

1997 ஜனவரியில் கார்ட்டருக்கு அந்த உயர் விருது வழங்கப்பட்டது. பின்னர் அவருடைய மருமகள் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உளவுக் கோவைகளைக் கேட்டுப் பெற்றார். 1999 நவம்பரில் இராணுவம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, திருத்தப்பட்ட சேவைப் பதிவேட்டை மகனிடம் கையளித்தது. அவருக்கு உரியனவாக இருந்தும் தரப்படாத நன்னடத்தைப் பதக்கம் போன்றவையும் அத்துடன் சேர்ந்து வந்தன. முப்பத்தாறு வருடங்களுக்கு முன் இறந்தவருக்கு நன்னடத்தைச் சான்று!

இதைப் படிக்கும் ஒருவர் கேட்கலாம்: பதக்கம் என்பது என்ன? ஒரு துண்டு உலோகமும் நாடாவும்தானே? அதிலும் யுத்தத்தில் மனிதரைக் கொன்றதற்குக் கொடுப்பது. யுத்தம் என்றால் என்னவென்று கண்ட நாட்டில் வாழும் எனக்கும் பதக்கங்கள்மீது எந்தக் கவர்ச்சியும் கிடையாது. ஆனால் இங்கே பிரச்சினை உலோகத்தைப் பற்றியதல்ல. ஓர் அரசு தன் மக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கும் சாட்சியத்தைப் பற்றியது. "இவர் இதைச் செய்தார்" என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விடுவதும், "இவர் நம்பத்தகாதவர்" என்று எழுதக் கூடாத இடத்தில் எழுதி வைப்பதும் பொய்ச் சாட்சியத்தின் இரண்டு வடிவங்களே.

அமெரிக்காவில் இத்தகைய பிழைகளைத் திருத்துவதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. முன்னர் ஒரு சிப்பாயின் பதிவேட்டைத் திருத்த நாடாளுமன்றம் அவருக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1946இன் சட்டமொன்று அந்த வேலையைச் சிவிலியன்கள் அமர்ந்திருக்கும் திருத்தச் சபைகளிடம் ஒப்படைத்தது. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டு அந்தக் கால எல்லையைச் சபை தளர்த்தவும் முடியும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் அடிப்படையில் ஓர் ஊகம் இருக்கிறது. அலுவலகம் எழுதியது சரியென்றே முதலில் கொள்ளப்படும். பிழை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் முழுவதும் விண்ணப்பதாரியின் தலையில்தான்.

அந்தப் பாரம் எவ்வளவு கனமானது என்பதை ஒரு சம்பவம் காட்டும். 1973 ஜூலை 12இல் சென் லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள தேசிய ஆளணி ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையான கோவைகள் சாம்பலாயின. 1912க்கும் 1960க்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது வீதம் போய்விட்டது. பிரதிகள் இல்லை, நுண்படச் சுருள்களும் இல்லை. அந்தத் தீக்குப் பின்னர் ஒரு முதியவர் காயமடைந்ததற்கான பதக்கத்தைக் கேட்டுப் போனால் ஆதாரம் கேட்பார்கள். சம்பளப் பட்டியல், வைத்தியசாலைக் குறிப்பு, கூட இருந்தவரின் சத்தியக் கடதாசி என்று அவர் தேடித் திரிய வேண்டும். எரிந்தது அரசாங்கத்தின் அலுமாரியில் இருந்த காகிதம். ஈடு செய்ய வேண்டியவரோ அந்த முதியவர்!

இன்னுமோர் உதாரணம். இரண்டாம் உலக யுத்தத்தில் காலாட்படையினருக்கான போர்க்களச் சின்னத்தைப் பெற்ற எல்லோருக்கும் வெண்கல நட்சத்திரப் பதக்கமும் உரியது என்று 1947இல் இராணுவம் முடிவெடுத்தது. அந்தச் சின்னம் யார் யாருக்குக் கிடைத்தது என்ற பதிவு இராணுவத்திடமே இருந்தது. எனினும் பதக்கம் வேண்டுமென்றால் சிப்பாய்தான் விண்ணப்பிக்க வேண்டும். இப்படியொரு முடிவு எடுக்கப்பட்டதே தெரியாமல் பண்ணைக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பிப் போனவர்கள் ஏராளம். பலரது விடயத்தில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் பின்னாளில் கண்டுபிடித்து விண்ணப்பம் எழுதினார்கள். கடன்பட்டவன் கணக்குப் புத்தகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "கேட்டு வந்தால் தருவேன்" என்று வாசலில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது.

பாரத்தை இடம் மாற்றி வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே நாடு காட்டியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்கள் சேவையாற்றினர். நானூறுக்கும் மேற்பட்ட உயர் விருதுகள் வழங்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூடக் கறுப்பினத்தவருக்குப் போகவில்லை. 1993இல் இராணுவம் இந்த விடயத்தை ஆராயும்படி ஷோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தது. யாரும் விண்ணப்பம் கொண்டுவரக் காத்திராமல் அவர்களே கோவைகளைத் தேடிப் போனார்கள். விருதுக்கான பரிந்துரை எதுவும் ஆவணங்களில் அகப்படவில்லை. "பரிந்துரை இல்லை, ஆகவே தகுதியும் இல்லை" என்று அவர்கள் முடித்துவிடவில்லை. அந்த வெறுமையையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். இத்தனை இலட்சம் பேரில் ஒருவர்கூட இல்லை என்றால் கோளாறு மனிதர்களிடமா, எழுதிய பேனாவிடமா?

ரூபன் ரிவர்ஸ் என்ற தாங்கிப் படைச் சார்ஜன்ட் இதற்கு நல்ல சாட்சி. 1944 நவம்பரில் பிரான்சில் கண்ணிவெடியில் கால் எலும்பு தெரியக் காயமடைந்தும், பின்னால் போகச் சொன்னதை மறுத்து மூன்று நாட்கள் போரிட்டு மரணித்தவர். உயர் விருதுக்குத் தான் அவரைப் பரிந்துரைத்ததாக அவருடைய வெள்ளையினக் கப்டன் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். ஆனால் காகிதம் இல்லை. 1997 ஜனவரி 13இல் ஜனாதிபதி கிளின்டன் ஏழு பேருக்கு விருது வழங்கினார். ரிவர்சும் கார்ட்டரும் அவர்களுள் அடங்குவர். ஏழு பேரில் அன்று உயிரோடு இருந்தவர் வேர்னன் பேக்கர் ஒருவர் மட்டுமே. இத்தாலியில் 1945 ஏப்ரலில் செய்த காரியத்துக்கு எழுபத்தேழாவது வயதில் விருது!

காகிதம் தொலைவது உலக யுத்தத்தோடு முடிந்துவிடவுமில்லை. வியட்நாமில் 1965 ஜூனில் காயப்பட்ட தன் தோழர்களை விட்டுவிட்டு வர மறுத்த பாரிஸ் டேவிஸ் என்ற கறுப்பினக் கப்டனின் பரிந்துரை தொலைந்தது, மீண்டும் அனுப்பப்பட்டது, மீண்டும் தொலைந்தது. தோழர்கள் விடாமல் வாதாடியதன் பயனாக 2023 மார்ச்சில் விருது அவர் கைக்கு வந்தது. ஒருமுறை தொலைந்தால் கவனக்குறைவு எனலாம். ஒரே வகையான மனிதர்களின் காகிதங்களே திரும்பத் திரும்பத் தொலையுமானால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

நான் ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியன். இடாப்பு எழுதுவது என் அன்றாட வேலை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விதி உண்டு: இடாப்பில் ஒரு பதிவு பிழைத்துவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு கீறி, மேலே சரியானதை எழுதி, கையொப்பமும் திகதியும் இட வேண்டும். பழைய எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அழிப்பவன் பிழையை மறைக்கிறான். திருத்துபவன் அதை ஒப்புக்கொள்கிறான். கார்ட்டரின் விடயத்தில் பதக்கத்தைவிட மன்னிப்புக்கே நான் கூடுதல் பெறுமதி கொடுப்பது இதனால்தான். பதக்கம் மட்டும் வந்திருந்தால் அது தாமதமாக வந்த ஒரு பரிசாகப் போயிருக்கும். "நாங்கள் பிழையாக எழுதினோம்" என்ற வாக்கியந்தான் அந்தக் கோடும் கையொப்பமும்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பழைய கோவைகளை ஒவ்வொரு தலைமுறையும் தன் விருப்பப்படி திறந்தால் விருதின் மதிப்புக் கெடாதா என்பார்கள். பழைய கோவைகளை அந்த இராணுவம் முன்னரும் திறந்ததுண்டு. 1917இல் அது 911 பேரின் பெயர்களை உயர் விருதுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றில் 864, சேவைக் காலத்தைச் சிறிது நீடிக்க இணங்கியதற்காக ஒரு படைப்பிரிவுக்கு மொத்தமாக வழங்கப்பட்டவை. அதே கத்தரியில் மேரி வோக்கர் என்ற பெண் வைத்தியரின் பெயரும் வெட்டுண்டது. அவர் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்காமல் 1919இல் இறக்கும் வரை அணிந்திருந்தார். 1977இல் அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

மறுபுறத்தில், 1890இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா பூர்வகுடிகளைப் பெண்கள், பிள்ளைகள் என்று பாராமல் கொன்று குவித்த படையினர் சிலருக்கு வழங்கிய விருதுகளை மீளாராய 2024இல் ஆணை பிறந்தது. 2025 செப்டெம்பரில், அவை அப்படியே நீடிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. விடுபட்டவரைச் சேர்ப்பது எளிது. அதில் எல்லோரும் கைதட்டலாம். சேர்க்கக் கூடாததைக் கோடு கீறி வெட்டுவதில்தான் பதிவேட்டின் நேர்மை சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் அந்த நாடு இன்னும் தேறவில்லை என்பதே என் எண்ணம்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். கார்ட்டருக்கு 1999இல் என்ன கிடைத்தது? உண்மையைச் சொன்னால், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எழுதிய கடிதங்களுக்கு அவர் வாழும்போது பதில் வரவில்லை என்பதை எந்தப் பதக்கமும் மாற்றாது. "தாமதமானாலும் நீதி வென்றது" என்று எழுதி மகிழ்வது, பிழை செய்தவரை இலகுவாக விட்டுவிடும் பேச்சு. ஆனால் வாங்க வேண்டியவர் மௌத்தாகிவிட்டால் கடன் அழிந்துவிடுகிறதா? இல்லை. அது கொடுக்க வேண்டியவரின் கழுத்திலேயே கிடக்கிறது. இறந்தவருக்கு நீதி செய்கிறோம் என்பது நாம் பேச்சுக்குச் சொல்வது. உண்மையில் அது உயிரோடிருப்பவர் தன் சாட்சியத்தைச் சரிசெய்துகொள்ளும் கடமை.

ஒருவரைப் பற்றிய உண்மை இன்னொருவரின் அலுமாரியில் இருக்கும்போது அது அமானிதமாகிறது. அமானிதத்தைக் கேட்டு வந்தால்தான் கொடுப்பேன் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. உரியவரைத் தேடிப் போய் ஒப்படைப்பதும், அவர் உயிரோடிருக்கும்போதே ஒப்படைப்பதும் அதை வைத்திருப்பவரின் பொறுப்பு. வேர்னன் பேக்கர் 2010இல் காலமானார். விருது பெற்ற பின் பதின்மூன்று வருடங்கள் வாழ்ந்தார். மற்ற ஆறு பேருக்கும் அதில் ஒரு நாள்கூட வாய்க்கவில்லை. அந்த வித்தியாசத்தை எந்தப் பதிவேட்டிலும் எவராலும் திருத்த முடியாது.